மேகமில்லாத நாளில் மட்டும் பார்க்கப்பட்ட ஏரி

கோபமாக இருக்கும்போது பயணக் கட்டுரை எழுதக் கூடாது என்பார்கள். எழுதத்தான் போகிறேன். இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், மலை, சாப்பாட்டுக் கடை என்று எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை போனது ஒரு ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று நிரூபிக்க. கேட்டால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2018 பிப்ரவரி. என் தங்கை சுமதி பனமலைப் பக்கம் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அதனால் எழுதவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவர்கள் ஊர் ஏரி பத்து ஆண்டுகளாக நீர் தேங்காத நிலமாம். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் கண்டுபிடித்தார்களாம். ஆகவே பக்கத்து டவுனின் குப்பையை அங்கே கொட்ட இடம் ஒதுக்கப் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் திங்கட்கிழமைக்குள் விழுப்புரத்தில் வந்து சொல்ல வேண்டும். கீழே ஆதாரமாகப் பத்துச் சின்னப் படங்கள். பத்திலும் ஏரி காய்ந்து பழுப்பாகக் கிடந்தது.

உடனே போன் செய்தேன். "ஏரிக்கரை மேல நின்னுக்கினுதான் பேசறேண்ணா. எதிர்ல தண்ணி தளும்பிக்கினு கெடக்குது. இல்லன்னு எழுதி ஒட்டியிருக்கான் பாரு! கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பானுங்க" என்றாள். அவளுடைய இரண்டு ஏக்கரும் அந்த ஏரியின் மதகுக்குக் கீழேதான் இருக்கிறது. வீட்டுக்குக் குடிக்கும் தண்ணீர் எடுக்கும் கிணறும் அங்கேதான். ஏரியில் குப்பை விழுந்தால் அந்தக் கிணற்றை மூடிவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை விடியற்காலை பெருங்களத்தூரில் விழுப்புரம் பஸ் பிடித்தேன். முதல் வேலை திண்டிவனத்தில். அறிவிப்பில் அந்தப் படங்களை எந்த இணையதளத்தில் எடுத்தார்கள் என்று ஓரமாகப் போட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். என் செல்போனில் திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, படம் வரவில்லை. சுமதி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டையை மார்க்கெட் கமிட்டிக்கு ஏற்றிக்கொண்டு அன்றைக்குத் திண்டிவனம் வருவதாக இருந்தாள். அங்கேயே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்த்துக் கலர் பிரிண்ட் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

திண்டிவனம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறும்போதே கண்டக்டரிடம் ஊருக்குள் போகுமா என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. "உள்ளல்லாம் போவாது சார், பைபாஸ்தான். ஜல்தி எறங்குங்க, பின்னால வண்டி வருது" என்று பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். டிக்கெட் கொடுக்கும்போது இந்த வாய் எங்கே போயிருந்தது? ஷேர் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்வதற்குள் அன்றைய கோபத்தின் முதல் தவணை தீர்ந்திருந்தது.

பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர் பஷீர் பாய். சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுவது, ரிசல்ட் பார்த்துச் சொல்வது, இவைதான் அவர் தொழில். செயற்கைக்கோள் படம் பார்க்க வேண்டும் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். "பேஜாரு ஒண்ணும் வராதுல்ல சார்? போலீசு கீலீசு?" என்று கேட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரை விட்டார்.

இதே வேலையாகப் போகும் ஆட்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள் என்பதால் தளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயரும் மின்னஞ்சலும் கொடுத்து உள்ளே நுழைந்தால் உலக வரைபடம் வரும். உங்கள் ஊருக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஏரியைச் சுற்றி மவுசால் கோடு வரைந்தால் அந்த இடத்தின் மேல் செயற்கைக்கோள் பறந்து எடுத்த படங்களெல்லாம் தேதியோடு வரிசையாக வரும். ஒன்றைத் தட்டினால் படம் திரையில் விரியும். தண்ணீரை நீலமாகவும் பயிரைப் பச்சையாகவும் காட்டச் சொல்லலாம். பிரமாதமான விஷயம், பொய் சொல்ல மாட்டேன். இடது பக்கம் மேக அளவு என்று ஒரு குமிழ் இருக்கிறது. மேகம் அதிகமுள்ள படங்களை அது தானாகவே ஒதுக்கிவிடும். மீதியையும் மேகம் குறைந்தது முதலில் என்று அடுக்கிக் கொடுக்கும்.

எனக்கும் முதலில் அதே பழுப்புப் படங்கள்தான் வந்தன. கமிட்டியிலிருந்து வந்து சேர்ந்திருந்த சுமதி பக்கத்தில் நின்று, "ஐயோ, நெஜமாவே காஞ்சிதான் கெடக்குது, இன்னாண்ணா இது?" என்று பதறினாள். அப்புறம்தான் தேதிகளைப் பார்த்தேன். ஏப்ரல். மே. மே. ஏப்ரல். மே. அறிவிப்பில் இருந்த பத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்தும் சித்திரை வெயிலில் எடுத்தவை.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஏனென்று சொல்கிறேன். அந்த ஊர் ஏரியில் ஒவ்வொரு வருஷமும் மீன் குத்தகை விடுவார்கள். மழையில் ஏரி நிரம்பும், தை வரைக்கும் நெல்லுக்குத் தண்ணீர் பாயும். மாசி கடைசியில் குத்தகைக்காரர் மதகைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்து மீன் பிடிப்பார். அவர் பிடித்து முடித்ததும் ஊரே கூடையும் வேட்டியுமாகச் சேற்றில் இறங்கும். அந்த விரால் குழம்புக்காகவே நான் பல வருஷம் லீவு போட்டுப் போயிருக்கிறேன். அதற்குப் பிறகு ஏரி காய்ந்துதான் கிடக்கும், காய்ந்தால்தான் வண்டல் அள்ள முடியும். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து, இந்தக் கல்யாணத்தில் சோறே போடவில்லை என்று எழுதி வைத்தால் எப்படி இருக்கும்?

மேகக் குமிழை நூறு வரைக்கும் தள்ளினேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் வந்தன. ஆனால் வெள்ளை வெளேரென்று மேகம்தான், ஏரி தெரியவில்லை. மேகம் வந்தால்தானே ஐயா ஏரிக்குத் தண்ணீர் வரும்? தண்ணீர் வரும் மாதத்தையெல்லாம் படம் சரியில்லை என்று கழித்துவிட்டு, மீதியை வைத்து ஏரிக்கு ஜாதகம் எழுதியிருக்கிறார்கள். ஆபீசில் யாரோ குமிழைத் தொடாமல் மேலே இருந்த படத்தை வருஷத்துக்கு ஒன்றாக எடுத்துப் பத்தாக்கி வேலையை முடித்திருக்கிறார்கள். சதிகூட இல்லை, வெறும் சோம்பேறித்தனம். சதியாக இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

தை, மாசி மாதங்களில் வானம் வெளுக்கும் நாட்கள் உண்டு. அந்தத் தேதிகளாகத் தேடினேன். ஏழு வருஷத்துக்குப் படம் கிடைத்தது, வறண்ட வருஷம் ஒன்று போக எல்லாவற்றிலும் நீலம். மழைக்காலத்துக்கு ரேடார் படம் என்று அதே தளத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. அது மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். கறுப்பு வெள்ளையில் வரும், தண்ணீர் கறுப்பாகத் தெரியும். அந்த வறண்ட வருஷம் போக, சமீபத்திய மூன்று மழைக்காலத்துக்கு அதில் ஏரி கன்னங்கரேலென்று முழுசாகக் கிடந்தது. சுமதி திரையில் விரலை வைத்து, "இதான் மதகு, இதான் தண்ணி வழியற கோடி, நம்ம நெலம் தோ இங்க" என்று பஷீர் பாய்க்குக் காட்டினாள். அவர் பிரிண்டருக்குப் புது மை போட்டார். "அடுத்த வாரம் எங்க மச்சான் ஊர் ஏரியையும் பாத்துக் குடு சார்" என்றார்.

விக்கிரவாண்டியில் இறங்கி டவுன் பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் பனமலைக் குன்றின் மேல் இருக்கும் பல்லவர் கோயிலைத்தான் எழுதுகிறார்கள். நானும் முன்பு எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை நான் கோயிலுக்குப் போகவில்லை, சுமதி ஊர் ஏரிக்கரையை முழுசாக நடந்தேன். அலை கரையில் மோதிக்கொண்டிருந்தது. நாரை நின்றது, நீர்க்காக்கை முங்கியது, எருமைகள் கழுத்துவரை இறங்கிக் கிடந்தன. செல்போனில் படமெடுக்கும்போது அவமானமாக இருந்தது. எதிரே கிடக்கிற தண்ணீருக்கு எதற்கடா சாட்சி?

திங்கட்கிழமை விழுப்புரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து நாங்கள் போன அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பத்தரைக்கு வரச் சொன்ன அதிகாரி பன்னிரண்டுக்கு வந்தார். எங்கள் படங்களைச் சீட்டு விளையாடுபவர் மாதிரி விரித்துப் பார்த்தார்.

"இது இன்னா கறுப்பா இருக்குது? தண்ணின்னா நீலமா இருக்கணுமே."

"ரேடார் படம் சார். தண்ணி கறுப்பாத்தான் தெரியும். நீலமா இருக்கறதும் வச்சிருக்கோம், அடியில பாருங்க."

"இதுல சீல் எதுவும் இல்லியே."

"உங்க படத்துலயும் இல்ல சார். ரெண்டும் ஒரே தளத்துல எடுத்ததுதான். நீங்க மே மாசத்தை எடுத்திருக்கீங்க, நாங்க பிப்ரவரியை எடுத்திருக்கோம்."

"நாங்க எடுத்தா டாக்குமெண்ட். நீங்க எடுத்தா பிரிண்ட் அவுட்."

அடித்துவிடலாமா என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மேஜையைப் பிடித்துக்கொண்டேன். சுமதிதான் முன்னால் வந்தாள். "பிரிண்ட் அவுட்டு வாணாங்க. ஒங்க ஜீப்பு வெளியதான நிக்குது? ஏறுங்க, இப்பவே போலாம். ஒரு மணி நேரம் ஆவுமா? தண்ணி இல்லன்னா நானே குப்ப லாரிக்கு வழி காட்டறேங்க." அறையில் இருந்த மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதிகாரி காலண்டரைப் புரட்டினார். நேரில் ஆய்வு செய்கிறோம், உங்கள் ஆட்சேபத்தைப் பதிவு செய்துகொள்கிறோம் என்றார். எப்போது என்று கேட்டோம். "இப்பல்லாம் டைம் இல்லம்மா. மே மாசம் வர்றோம்."

மே மாசம்! வெளியே வந்து கத்தினேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். குமிழைத் தொடாத அதே கை, காலண்டரிலும் அதே மாதத்தைத் தொட்டுவிட்டது. சுமதி டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்துவிட்டு, "அப்ப இந்த வருஷம் மீன் புடிக்க வாணாம்" என்றாள்.

எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. மதகைத் திறக்காவிட்டால் மே மாதத்திலும் ஏரியில் தண்ணீர் நிற்கும். சொல்வது சுலபம். அந்தக் குத்தகைப் பணத்தில்தான் ஊர்த் திருவிழாவே நடக்கிறது. அன்று மாலை ஊர்க் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். குத்தகைக்காரர் குதித்தார். "மீன் குஞ்சு உட்டது நானு, உங்க அப்பன் ஊட்டு மீனா?" என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. அடுத்த வருஷமும் அவருக்கே குத்தகை, தெருக்கூத்து இல்லாமல் பொங்கல் மட்டும் வைத்துத் திருவிழா என்று பேசி முடித்தார்கள். மதகின் சாவியைச் சுமதியிடம் கொடுத்தார்கள். ஒரு ஆபீசரின் சோம்பலுக்கு ஓர் ஊரே மீனையும் கூத்தையும் விட வேண்டியிருக்கிறது. இதை எந்தப் படத்தில் பார்ப்பது?

சரி, இப்படி ஓர் அறிவிப்பு உங்கள் ஊரிலும் ஒட்டப்பட்டால் என்ன செய்வது? படத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், முதலில் தேதியைப் பாருங்கள். உங்கள் ஏரியில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும், எப்போது வடிப்பீர்கள் என்று தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மேகக் குமிழைத் தள்ளிப் பாருங்கள், ரேடார் பிரிவையும் திறந்து பாருங்கள். செல்போனில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், பிரவுசிங் சென்டருக்குப் போங்கள். ஒவ்வொரு படத்தின் மேலும் தேதி தெரியும்படி பிரிண்ட் எடுங்கள். அலுவலகத்தில் மனுவுக்கு ரசீது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். முக்கியமாக, கோபக்காரனைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடவே சுமதி மாதிரி ஒருத்தி வேண்டும்.

இதையெல்லாம் மார்ச்சிலேயே எழுதி முடித்துவிட்டேன். முடிவு தெரியாமல் போட மனம் வரவில்லை. போன வாரம், மே மாத வெயிலில், சுமதி போன் செய்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"வந்தாங்கண்ணா. கரை மேலயே ஜீப்ப நிறுத்தி, 'தண்ணி ஓரத்துலதான் கொஞ்சம் கெடக்குது, இதெல்லாம் ஏரில சேத்தி இல்ல'ன்னு அந்த ஆளு எழுத ஆரம்பிச்சாரு. 'எறங்கிப் பாருங்க சார்'ன்னேன். ஷூவக் கழட்டி வச்சிட்டு வீராப்பா எறங்கினாரு. நாலு அடிதான். முட்டி வரைக்கும் சேறு, அதுக்கு மேல இடுப்பு வரைக்கும் தண்ணி. காலு வரல. 'கை குடும்மா, கை குடும்மா'ன்னு கத்தறாரு."

"குடுத்தியா?"

"பேனாவும் பேப்பரும் குடுத்தேன். 'அங்கியே நின்னுக்கினு, தண்ணி எதுவரைக்கும் இருக்குதுன்னு எழுதுங்க சார். எழுதினதும் கை குடுக்கறேன்'னேன்."