கம்பளிக்குள் இருந்தது நான்

ஆடுகோடியைத் தாண்டி ஓசூர் ரோட்டில் போனால் எங்கள் ஊர். இப்போது பெங்களூரு அதை விழுங்கிவிட்டது. தொண்ணூறுகளில் தனிப் பஞ்சாயத்து. என் வீட்டுக்காரர் அங்கே நீர்கண்டி. மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பி, வால்வு திறந்து தெருத்தெருவாகத் தண்ணீர் விடுகிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

கடைசி ஒரு வருஷம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. வேலை போய்விடுமே என்று, விடியுமுன் அவருடைய கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நான் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. நாலாம் வகுப்பில் பாடம் ஒப்பிக்கச் சொன்னாலே அழுதவள்.

அவர் போன பிறகு பள்ளிக்கூட வராந்தாவில் கிராம சபை கூடியது. ஊர் ஆள் ஒருவரைத் தாலூகாவுக்கு அனுப்பி, மோட்டார் ரிப்பேர், தொட்டியில் மருந்து கலப்பது எல்லாம் பழக்கி, வேலையை அவருக்கே கொடுப்பதாகப் பேச்சு. நான் வால்வுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். கொடுத்துவிட்டால் தருமபுரிப் பக்கம் அண்ணன் வீடுதான் கதி. அண்ணிக்கு என்னைக் கண்டால் ஆகாது.

ஐ.டி.ஐ. படித்த ஒருத்தர் கையைத் தூக்கினார். பஞ்சாயத்துத் தலைவியம்மா கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார்.

"சரிப்பா, காலையில மொதல்ல எந்தத் தெருவுக்கு விடுவே?"

"பள்ளத் தெருவுக்கு."

"அவன் வீடு அங்கதானே!" என்றார் பால்காரர். ஒரே சிரிப்பு.

சாவியை நீட்டப்போன என் வாயிலிருந்து வந்துவிட்டது. "மேட்டுத் தெருவுக்கு விடணும்மா. தொட்டி ரொம்பி இருக்கறப்போதான் அங்க ஏறும்."

"ஜோரா, சத்தமா சொல்லும்மா. உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு வருஷமா நான்தாம்மா விட்டேன்."

பால்காரர் எழுந்தே விட்டார். "ஐயோ! அப்போ கம்பளிக்குள்ள நீயா? தினமும் 'அண்ணா, உடம்பு தேவலையா'ன்னு கேட்டேனே!"

"தலையாட்டினேனே, அண்ணா."

சிரிப்பில் வராந்தாவே அதிர்ந்தது. ஒரு மெம்பர் மட்டும், "பொம்பளை, இருட்டுல..." என்று இழுத்தார்.

"வருஷம் பூரா இருட்டுலதானே வந்தா? உங்க வீட்டுக்குத் தண்ணி வரலையா?" என்று கேட்ட தலைவியம்மா சாவியை வாங்கவே இல்லை. "நீயே போம்மா தாலூகாவுக்கு."

போனேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் பெண். சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் ஓரமாக உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன். மருந்தின் அளவைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு கம்பளி தேவைப்படவில்லை. முன்பெல்லாம் பால்காரர் நின்று மழையைப் பற்றி, எருமையைப் பற்றி, மகள் கல்யாணத்தைப் பற்றி அந்தக் கம்பளியோடு பேசுவார். நான் தலையாட்டுவேன். இப்போது, தனியாக வரும் பொம்பளையை நிறுத்திப் பேசுவது மரியாதையில்லை என்று சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்துவிட்டுக் கடந்து போனார். டீக்கடைக்காரரும் அப்படித்தான்.

வால்வைத் திருகினால் முதலில் காற்று சீறும், பிறகுதான் தண்ணீர். மேட்டுத் தெருவில் குடம் வைக்கிற சத்தம் கேட்கும்வரை நின்றிருந்துவிட்டு, அடுத்த தெருவுக்குப் போவேன்.