கடலில் குத்திய குண்டூசி

என் அக்காவின் கணவருக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் உலகம். பிள்ளைகள் வைத்த பெயர். "உலகம் வருதுடா" என்று ஒரு குரல் கேட்டால் வராந்தாவில் பந்து உருட்டிக்கொண்டிருந்த பையன்கள் வகுப்புக்குள் பாய்வார்கள். "உலகம் இன்னிக்கு லீவு" என்றால் கூத்துதான். மாமாவுக்கும் இது தெரியும். தெரியாதவர்போல் நடந்துகொள்வார். ஆனால் நடையில் மட்டும் ஒரு மிடுக்கு கூடிவிடும்.

அவர் சமூக அறிவியல் ஆசிரியர். மனித உரிமை வகுப்பும் அவர் பொறுப்பு, உலக நடப்பும் அதில் சேர்த்தி. நான் அதே பள்ளியில் கூட்டித் துடைக்கிறேன், அதே வீட்டில் சாப்பிடுகிறேன். அதனால் உலகத்தை இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

உலகத்தில் எவன் எவன் வாயை அடைத்தாலும் மாமாவுக்குப் பொறுக்காது. எங்கோ ஒரு நாட்டில் பத்திரிகைக்காரனை உள்ளே தள்ளிவிட்டார்கள் என்று டி.வி.யில் வந்தால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். அந்த நேரம் பார்த்து அக்கா, "ஏங்க, குக்கர் மறுபடியும் சத்தம் போட மாட்டேங்குது" என்று ஆரம்பிப்பாள்.

"நீ கொஞ்சம் வாயை மூடிட்டு இரு. கருத்துச் சுதந்திரத்தைப் பத்திச் சொல்லிட்டிருக்கான்" என்பார் மாமா.

"குக்கரும் அதைத்தாங்க கேக்குது" என்பாள் அக்கா. சொல்வது அடுப்படிக்குள் போன பிறகுதான்.

பூகோளம் என்றால் மாமாவுக்கு உயிர். யாராவது ஒரு நாட்டின் தலைநகரைத் தப்பாகச் சொல்லிவிட்டால் காலில் முள் தைத்த மாதிரி துடிப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் பெண்ணின் சித்தப்பா ஏதோ ஒரு நதியைப் பக்கத்து நாட்டுக்கு ஓடவிட்டார். மாமா பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்து திருத்தினார். நாங்கள் சம்பந்தி வீட்டுக்காரர்கள்போல அவரைத் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தோம். கூடப் பிறந்தவன் பெயரை மறந்தாலும் மறப்பார், தீவுகளின் பெயரை மறக்கமாட்டார்.

இவ்வளவு இருந்தும் வேலை மட்டும் தற்காலிகம். ஒவ்வொரு வருஷமும் பெரிய லீவு வந்ததும் வீட்டுக்கு அனுப்பி, பள்ளி திறக்கும்போது மறுபடியும் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று அந்த லீவு முழுக்க அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இவருக்கு நிரந்தரமா இருக்கிறது கல்யாணம் ஒண்ணுதான். அதுவும் என் தயவுல" என்பாள். அந்த வருஷம்தான் முதல்தடவையாகத் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, கல்வித்துறையிலிருந்து பார்வையிட ஒரு குழு வருகிறது என்றும், அவருடைய வகுப்பைத்தான் காட்டப்போவதாகவும், எல்லாம் நல்லபடியாக முடிந்தால் நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார். அக்கா அன்றைக்குக் குக்கரைப் பற்றிப் பேசவேயில்லை.

அவருடைய வகுப்பில் காட்டுவதற்கு ஒரு பொருள் இருந்தது. சுவர் முழுக்க ஓர் உலகப்படம். தினமும் ஒரு மாணவர் எழுந்து ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதில் மனித உரிமை மீறல் இருக்கிறது என்று வகுப்பு கை தூக்கினால் அந்த நாட்டில் ஒரு சிவப்புத்தலைக் குண்டூசி குத்தப்படும். குத்திய ஊசியை எடுப்பதற்கும் வகுப்புதான் கை தூக்க வேண்டும். "ஆசிரியரா இருந்தாலும் சரி, அதிகாரியா இருந்தாலும் சரி, ஒருத்தருக்கும் தனியா அதைத் தொட உரிமை கிடையாது" என்று மாமா மேஜையைத் தட்டிச் சொல்லியிருந்தார். படத்துக்கு அம்மை போட்ட மாதிரி ஊசிகள். வகுப்பைப் பெருக்கும்போது கூட நான் அந்தச் சுவர்ப் பக்கம் துடைப்பத்தை ஓங்கமாட்டேன்.

அதே பள்ளியில் மாடிப்படிக்கு அடியில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு கழிவறை உண்டு. புது ஓடு, புதுக் குழாய், கண்ணாடிகூட இருந்தது. அதற்குப் பூட்டும் உண்டு. பிள்ளைகள் போனால் அழுக்காகிவிடும், வருகிறவர்களுக்குக் காட்ட ஒன்று வேண்டாமா என்பது தலைமையாசிரியையின் கவலை. தினமும் காலையில் அவரே வந்து திறந்துவிடுவார். யாருமே போகாத அந்த அறையை நான் கழுவுவேன். அவர் எட்டிப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, திருப்தியாகப் பூட்டிக்கொண்டு போவார். பிள்ளைகளுக்கு மைதானத்தின் கோடியில் ஒரு பழையது இருந்தது. அதன் தாழ்ப்பாள் கையோடு வந்துவிடும். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். அவள் தண்ணீர் பாட்டில் காலையில் எப்படி வருமோ அப்படியே சாயங்காலம் வீட்டுக்குப் போகும். கூட இருந்த பிள்ளைகள் அவளுக்கு நிறைகுடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுடைய முறை வந்த அன்று நான் வகுப்பு வாசலில் கொட்டிய சாக்பீஸ் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"சார், நம்ம ஸ்கூல் செய்தி சொல்லலாமா?" என்று கேட்டாள்.

மாமா தாராளமாகச் சிரித்தார். "ஏம்மா, நம்ம ஸ்கூல் உலகத்துல இல்லையா? சொல்லு, சொல்லு."

அவள் கழிவறையைப் பற்றிச் சொன்னாள். நிறுத்தி, மெதுவாக, அவர் சொல்லிக்கொடுத்த முறையிலேயே யார், எங்கே, ஏன் என்று சொன்னாள். மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இது நிர்வாகப் பிரச்சினைம்மா. உரிமைப் பிரச்சினை வேற."

முன்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், போன வாரம் அகதி முகாம்ல கழிவறை இல்லைன்னு ஊசி குத்தினோமே."

"அது முகாம்டா."

"முகாம்ல கட்டாமலே பூட்டிட்டாங்க சார். இங்க கட்டிட்டுப் பூட்டிட்டாங்க."

"கட்டாமலே எப்படிடா பூட்டுவான்? உக்காரு" என்றார் மாமா. அதற்குள் எல்லாக் கைகளும் மேலே இருந்தன. ஆனால் உலகப்படத்தில் எங்கள் பள்ளியை எங்கே என்று தேடுவது? ஊசியின் தலையே எங்கள் ஊரைவிடப் பெரிதாக இருந்தது. அதனால் பிள்ளைகள் எல்லோரும் மாடிப்படி இறங்கிப் போய் அந்தக் கழிவறைக் கதவிலேயே ஊசியைக் குத்திவிட்டு வந்தார்கள். மாமா தடுக்கவில்லை. அப்போது தடுத்தால் அது சர்வாதிகாரம் ஆகிவிடும்.

மறுநாள் தலைமையாசிரியை அவரை அறைக்குக் கூப்பிட்டார். நான் டீ கொண்டுபோயிருந்தேன்.

"சார், கதவுல ஒரு குண்டூசி இருக்கு. எடுத்துடுங்க."

"மேடம், அதுக்கு வகுப்புல ஓட்டெடுப்பு நடத்தணும்."

"உங்க ஆர்டர் என் மேஜையில இருக்கு. அதுக்கு ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது. என் கையெழுத்து ஒண்ணு போதும்" என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே.

மாமா வகுப்புக்குப் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேசினார். பேச்சுவார்த்தையைப் பற்றிப் பேசினார். எத்தனையோ தேசங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்து விடுதலை வாங்கியிருக்கின்றன என்றார். "ஊசியை எடுத்துடலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்று முடித்தார். அவர் கை மட்டும்தான் மேலே இருந்தது. 

வீட்டுக்கு வந்தும் அதே புலம்பல். அன்று டி.வி.யில் செய்தி ஓடியது, அவர் கேட்கவில்லை.

"ஒரு குண்டூசியைப் பிடுங்கறதுக்கு நாலு கண்டத்துல இருந்தும் ஆள் வரணுமாங்க? நகத்தால எடுத்துப் போட்டுட்டு ஆர்டரை வாங்கிட்டு வருவீங்களா" என்றாள் அக்கா.

"கண்டம் நாலு இல்லடி, ஏழு."

"ஏழுலயும் நமக்கு ஒரு வேலை இல்லையே. அதைச் சொன்னேன்."

குழு வருகிற அன்று காலையில் கதவில் ஊசி இல்லை. ஒரு சின்ன ஓட்டைதான் இருந்தது. ஊசி உலகப்படத்தில் இருந்தது, நாலா பக்கமும் கரையே தெரியாத கடல் நடுவில். பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்தார்கள்.

"நான் எடுக்கல. எடுக்கத்தான் ஓட்டு வேணும். இது தற்காலிக இடமாற்றம்" என்றார். நிறைகுடம் பாட்டிலைப் பைக்குள் தள்ளினாள்.

குழுவில் ஒரு அம்மாளும் ஒரு ஐயாவும் வந்தார்கள். தலைமையாசிரியை பின்னாலேயே வந்தார். நான் தண்ணீர்த் தட்டோடு ஓரமாக நின்றேன். ஐயாவுக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போனது. ஒவ்வோர் ஊசியாகக் கேட்டார், பிள்ளைகள் மழையாகப் பொழிந்தார்கள். மாமாவின் கழுத்து நிமிர்ந்தது. தலைமையாசிரியையின் முகத்தில் கையெழுத்தே போட்டுவிட்ட மாதிரி ஒரு களை. அப்போதுதான் ஐயாவின் விரல் கடலுக்கு வந்தது.

"இங்க என்ன? தண்ணியா இருக்கே."

 நிறைகுடம் எழுந்தாள்.

"அங்க பொண்ணுங்களுக்கு டாய்லெட் கட்டியிருக்காங்க சார். ஆனா பூட்டி வெச்சிருக்காங்க. பெரியவங்க யாராவது பாக்க வந்தா மட்டும் திறப்பாங்க."

"அடப்பாவமே. இந்தக் காலத்துலயுமா? அப்ப அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும்?"

"தண்ணி குடிக்காது சார்."

ஐயா உச்சுக்கொட்டினார். எங்கேயோ இருக்கிற பிள்ளைகளுக்காக இந்தப் பிள்ளைகள் இவ்வளவு உருகுகிறார்களே என்று அந்த அம்மாளிடம் சொல்லி நெகிழ்ந்தார். கண்டிப்பாக இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தார். "இது எந்த நாடு சார்?"

 ஒரு பெயர் போதும். உலகத்தில் நாடுகளுக்கா பஞ்சம். ஒரு பெயரைச் சொன்னால் ஐயா எழுதிக்கொண்டு போய்விடுவார், அக்கா அடுத்த லீவில் வாசலைப் பார்க்க வேண்டாம். மாமா தயங்குவதைப் பார்த்துத் தலைமையாசிரியையே கை கொடுத்தார்.

"அது ஒரு சின்னத் தீவு சார். அந்தப் பக்கம்தான். பேரு வாயிலயே நிக்குது."

"அந்தப் பக்கம் தீவே கிடையாது மேடம்" என்றார் மாமா.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. தலைமையாசிரியை கண்ணாலேயே அவரை அறைந்தார். "இருக்கும் சார், நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்கிறதுக்கு என்ன மேடம் இருக்கு? சுத்துவட்டாரத்துல ஒரு பாறைகூட இல்ல. வெறும் கடல்."

"அப்ப இது எங்க இருக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டார். அதுவரைக்கும் அவர் பேசவேயில்லை.

மாமா படத்தைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். ஏதாவது ஒரு நாட்டின் தலையில் கட்டிவிட அவருக்கு வாய் வரவில்லை. எந்த நாட்டைச் சொன்னாலும் அது தப்பு. "மாடிப்படிக்கு அடியிலங்க" என்றார், கல்யாணப் பந்தியில் நதியைத் திருத்திய அதே குரலில்.

அந்த அம்மாள் கீழே போனார். பின்னாலேயே மொத்த வகுப்பும் போனது. அன்றைக்குக் கழிவறை திறந்திருந்தது, கதவுக் கொண்டியில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கதவிலிருந்த ஊசி ஓட்டையைத் தடவிப் பார்த்தார், பூட்டை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும்" என்றார்.  அதற்குப் பிறகு அவரும் திரும்பி வரவில்லை, பூட்டும் வரவில்லை.

இப்போது அந்த அறையைக் கழுவுவதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. அழுக்காகத்தான் ஆகிறது. "நான் சொன்னேன்ல" என்று தலைமையாசிரியை தினமும் காட்டிக் காட்டிச் சந்தோஷப்படுகிறார். நிறைகுடத்தின் பாட்டில் மத்தியானமே காலியாகிவிடுகிறது. வகுப்பு கை தூக்கி ஊசியை எடுத்து, ஞாபகமாக மாமாவிடமே கொடுத்துவிட்டது. ஆணையில் கையெழுத்து விழவில்லை. அடுத்த லீவில் அக்கா மறுபடியும் வாசலில்தான் நின்றாள். பள்ளி திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டார்கள், தற்காலிகமாக.

மாமா அந்த ஊசியைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டி, அதிகாரத்துக்கு முன்னால் தான் உண்மையின் பக்கம் நின்ற கதையைச் சொல்வார். தீவு கதையில் வராது. போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார்.

"நின்னது வாஸ்தவம்தாங்க" என்றாள் அக்கா, டீயை நீட்டியபடி. "ஆனா அந்தத் தீவு மட்டும் அங்க இருந்திருந்தா..."

"நான் பேசிட்டிருக்கேன்ல. நீ குறுக்க பேசாத, வாயை மூடு" என்றார் மாமா.

அக்கா டம்ளரை வைத்தாள். அவர் உள்ளங்கையிலிருந்த ஊசியை எடுத்து அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக் கைப்பிடி மெத்தையில் தலைவரைக்கும் அழுத்திக் குத்தினாள். மாமா அதைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனார்.

"தனியா தொட உரிமை கிடையாது. ஓட்டெடுப்பு" என்றாள் அக்கா. "எடுக்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

சிநேகிதர் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். மாமா கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கையில் தட்டு இருந்தது.