இருபதாவது கட்டம்

எங்கள் அபிராமபுரம் வீட்டுக் கூடத்தில், மின்விசிறி சுவிட்சுக்குப் பக்கத்தில், பழைய காலண்டர் தாளின் பின்புறம் நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை ஒன்று தொங்குகிறது. தேசியக் கால்பந்து லீக்கில் அந்தப் பருவத்தில் எங்கள் ஊர் அணிக்கு இருபது ஆட்டங்கள், கட்டங்களும் இருபது. பதினாறில் நீல மையில் முடிவு எழுதியிருக்கிறது. மூன்றில் பென்சில். கடைசிக் கட்டம் காலி.

அட்டவணை போடச் சொன்னவர் ரெஃப்ரி. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் முப்பத்தொரு வருடம் நான் ஸ்டோர் கீப்பர். போல்ட்டும் நட்டும் எண்ணியே கண் கெட்டவன். அவர் அங்கே லேத் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் ஆட்டங்களுக்கு விசில் ஊதுவார். பட்டறையில் அதுவே பெயராகிவிட்டது. ஓய்வுக்குப் பிறகு, ஆட்டமுள்ள சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய், பதினெட்டுப் படி ஏறி, அவர் வீட்டு டிவி முன் உட்காருவேன். அவர் ஆட்டக்காரர்களைப் பார்க்க மாட்டார். நடுவர் எங்கே நிற்கிறார் என்றுதான் பார்ப்பார். "தோ பாரு, பந்து அங்க கீது, இவன் இங்க நின்னுகினு கீறான்" என்று திட்டுவார். கோல் விழுந்ததா என்று என்னைக் கேட்பார்.

பதினாறாவது ஆட்டத்துக்குப் பிறகு நோய் பரவி ஊரே அடைபட்டது. லீக் நின்றது. சில வாரம் கழித்து, மீதி ஆட்டங்கள் கிடையாது, முதலிடத்தில் இருக்கும் அணியே சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். ஃபோனில் சொன்னேன். "விசில் ஊதாத மேட்சுக்கு முடிவு சொல்ல இவங்க யாரு?" என்று அரை மணி நேரம் கத்தினார். அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவரே கூப்பிட்டார். "இன்னா ஸ்டோர் கீப்பரே, இன்னிக்கு மேட்ச் யார் கூட?" விளையாடுகிறார் என்று நினைத்து மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறை கேட்பவரைப் போலக் கத்தினார். கடைசியில் குரல் உடைந்தது. அவர் மகள் ஃபோனை வாங்கி, "மாமா, அப்பாவுக்கு நெனப்பு தங்க மாட்டேங்குது. ஒவ்வொரு வாட்டியும் புச்சா அழுவுறாரு. இனிமே சொல்லாதீங்க மாமா" என்றாள்.

ஒரு நட்டு குறைந்தாலும் வீட்டுக்குப் போகாதவன் நான். அடுத்த சனிக்கிழமை, நடக்காத ஆட்டத்துக்கு முடிவு சொன்னேன். நம் அணி இரண்டு, எதிரணி ஒன்று. பின்னால் உளறிவிடக் கூடாதே என்று அட்டவணையில் குறித்துக்கொண்டேன். மையால் எழுதக் கை வரவில்லை, பென்சில் எடுத்தேன். மறு வாரமும் இரண்டுக்கு ஒன்று. அதற்கு அடுத்த வாரமும் வாயில் அதுவே வந்தது.

"எல்லா மேட்சும் ரெண்டுக்கு ஒண்ணாவே கீதே. கோலையும் ஸ்டோர்லேந்து எண்ணித்தான் குடுக்குறியா நைனா?"

போன வார முடிவு அவருக்கு எப்படி நினைவிருந்தது என்று நான் கேட்கவில்லை.

மீதி ஒரே ஆட்டம். அதையும் சொல்லிவிட்டால் சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஃபோன் வராது. அந்த வாரம் ஏழு நாளில் நான்கு நாள் சரியாகத் தூங்கவில்லை. சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. நான் வாய் திறக்கும் முன்பே அவர் கேட்டார், "கிரவுண்டுல தண்ணி நிக்குதாமே?"

ஜன்னலைப் பார்த்தேன். "ஆமா ரெஃப்ரி" என்றேன்.

"பந்த மேலேந்து போட்டுப் பாக்கச் சொல்லு. எகிறலேன்னா மேட்ச் கிடையாது. அட்த்த வாரம் வச்சிக்கலாம்."

மழை நாளில் ஆடலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க அவர் காலமெல்லாம் செய்த சோதனை அது. அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் "பந்து எகிறுதா?" என்பார். "இல்லை" என்பேன். "சரி, அட்த்த வாரம்" என்று வைத்துவிடுவார். இப்படி நாற்பத்தொரு சனிக்கிழமைகள். அதற்கு அடுத்ததில் ஐந்து மணி தாண்டி, ஐந்தேகாலுக்குத்தான் ஃபோன் அடித்தது. பேசியவள் மகள். எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு எவ்வளவு மறந்திருந்தது, எவ்வளவு தெரிந்திருந்தது என்பது மட்டும் இன்றுவரை என் கணக்கில் அடங்கவில்லை.

லீக் இப்போதும் எப்படியோ நடக்கிறது. நான் பார்ப்பதில்லை. போன வாரம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், கையில் உப்புத்தாளோடு அந்தச் சுவர் முன் நின்று, "இன்னா சார், இந்தப் பேப்பரக் கெடாசிடவா?" என்றார். வெளியே நல்ல வெயில்.

"வேணாம்பா" என்றேன். "ஒரு மேட்ச் பாக்கி இருக்கு. கிரவுண்டு இன்னும் காயலை."