ஆனையிறவில் ஒப்பித்த அமெரிக்க வரலாறு

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போகிறோம், வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்த வீதி என்றால் எனக்கு ஒரேயொரு பயணம்தான் நினைவுக்கு வரும். எண்பதுகளின் தொடக்கம். தங்கை ராஜியை உயர்தரப் பரீட்சைக்குக் கூட்டிப்போனேன். பள்ளிக்கூடம் விட்டு வீட்டிலிருந்து படித்தவள் என்பதால் நல்லூர்ப் பக்கம் பரீட்சை மண்டபம் கிடைத்திருந்தது. மூன்றாம் தடவை, இதிலும் தவறினால் பல்கலைக்கழகத்தை மறந்துவிட வேண்டியதுதான். மறுநாள் காலை வரலாறு.

காலை ஏழரைக்கு பஸ். நாற்பது மைல், டிக்கெட் ஆளுக்கு ஆறு ரூபாய். சன்னலோரம் உட்கார்ந்ததுமே ராஜி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பாடமாக்கத் தொடங்கினாள். எங்களூரில் படிப்பென்றால் வாய்விட்டுப் படிப்பதுதான். அயலுக்குக் கேட்காவிட்டால் பிள்ளை தூங்குகிறது என்று அம்மா எட்டிப் பார்ப்பார். பிரித்தானியரின் எந்தெந்தச் சட்டங்களும் வரிகளும் அமெரிக்கக் குடியேற்றவாசிகளைக் கோபப்படுத்தின என்பது கேள்வி. பரந்தன் வருமுன் எனக்கே விடை பாடமாகிவிட்டது. கடைசி வரி, "எனவே மக்கள் ஆயுதம் ஏந்தினர்." அந்த இடத்தில் அவள் குரல் தானாக உயரும்.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீர், பார்க்க அழகான இடம். அங்கேதான் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்தார்கள். ராஜி கவனிக்கவில்லை. "அதிகாரிகள் நினைத்த வீட்டில் புகுந்து சோதனையிட்டனர்" என்று அவள் உரக்கச் சொல்லவும், தோளில் துவக்கோடு ஓர் இராணுவ அதிகாரி ஏறவும் சரியாக இருந்தது. தொடையில் கிள்ளினேன். பிந்திவிட்டது. அவருக்குத் தமிழ் விளங்கும்.

"என்ன சொல்லுறது? ஆர் சொல்லித் தந்தது?"

"நாளைக்குச் சோதினை சேர். அது அமெரிக்காவின்ரை கதை," என்றேன்.

"நீ பேசாதே. பாடம் என்றால் அவ முழுக்கச் சொல்லட்டும்."

பாடமாக்கியவர்களுக்கு நடுவில் தொடங்கவும் வராது, நடுவில் நிறுத்தவும் வராது. முதல் வரியில் தொடங்கினால் கடைசி வரியில்தான் போய் முடியும். அந்தக் கடைசி வரியை இவர் முன்னால் சொன்னால் இரண்டு பேரையும் இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி முகாம் முகாமாக அலைந்த வீடுகள் எங்கள் ஊரிலேயே இருந்தன.

ராஜி எழுந்து நின்றாள். சீனிக்கு வரி. பத்திரிகைக்கும் உறுதிப் பத்திரத்துக்கும் முத்திரை வரி. கண்ணாடிக்கு, கடதாசிக்கு, தேயிலைக்கு வரி. படையினருக்கு மக்கள் இருப்பிடம் கொடுக்கவேண்டும் என்ற சட்டம். அதைச் சொன்னபோது முன்சீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார். தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். பதிலுக்கு அரசு துறைமுகத்தை மூடியது.

"எனவே மக்கள்..."

முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தேன்.

ராஜி கண்ணைத் திறந்து துவக்கைப் பார்த்தாள். "மிச்சம் பாடமில்லை, சேர்."

"நாளைக்குச் சோதனை, இன்னும் பாடமில்லையா?" அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போ, போய்ப் படி."

பஸ் வெளிக்கிட்டது. கொடிகாமத்தில் இறங்கி ராஜி வாந்தியெடுத்தாள்.

இப்போது போகிறவர்கள் காலை பஸ்ஸையே பிடியுங்கள், வெயில் ஏறினால் தாங்காது. கொடிகாமம் சந்தையில் காய்கறி மலிவு; இறங்கி ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். தங்குவதென்றால் நல்லூர்ப் பக்கம் வசதி. திருவிழாக் காலத்தில் மட்டும் அறை கிடைக்காது.

அந்தப் பயணத்தின் மறுநாள் பரீட்சை மண்டப வாசலில் காத்து நின்றேன். ராஜி வெளியே வந்தாள். அதே கேள்வி வந்ததாம். எல்லாம் எழுதினாளாம், கடைசி வரியைத் தவிர.

"ஏன் பிள்ளை? அது வெறும் பாடம்தானே?"

"விடைத்தாளிலை என்ரை சுட்டெண் போட்டிருக்கு அண்ணை. அதை வைச்சு எங்கடை வீட்டைக் கண்டுபிடிப்பினம்."