தீர்ப்பின் கடைசிப் பத்தி

மணலூர்பேட்டை பக்கம் எங்கள் ஊர். கரும்புக் கொல்லைக்குப் போகும் வண்டிப்பாதைக்காக அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வழக்கு. முதலில் தோற்ற நாங்கள், கள்ளக்குறிச்சியில் போட்ட அப்பீலில் ஜெயித்தோம். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். தீர்ப்பு நகலைப் பார்க்காமலே, "தோத்தவங்கதான் ரெண்டு கோர்ட்டு செலவும் குடுக்கணும்பா" என்றேன். அப்பா அதை நான் சொன்னதாகவே சித்தப்பா வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு நகல் வாங்கப் போனேன். வக்கீல் கடைசிப் பத்தியைக் காட்டினார். உறவினர்கள் என்பதால் அவரவர் செலவு அவரவருக்கே என்றிருந்தது. "ஜெயிச்சா மட்டும் செலவு வராது தம்பி. ஜட்ஜ் குடுக்கச் சொல்லி எழுதணும்" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். அங்கே சித்தி பணத்தோடு நின்றிருந்தாள். "கறவை மாட்ட வித்துட்டோம் மாமா, இந்தாங்க. ஜப்தின்னு யாரும் எங்க வூட்டுக்கு வரக்கூடாது."

அப்பா கையை நீட்டியிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கை தானாக இறங்கியது.

சித்தி என்னைப் பார்த்தாள். "படிச்ச புள்ள சொல்லுதேன்னுதான்டா வித்தோம்" என்றாள். மாட்டை வாங்கியவர் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

இப்போது யார் கோர்ட்டு விஷயம் கேட்டாலும், தீர்ப்பை முழுதும் படிக்காமல் நான் வாய் திறப்பதில்லை. தினமும் காலையில் சித்தி வீட்டுக்கு ஒரு சொம்பு பால் கொண்டுபோகிறேன். இன்னும் அவள் வாங்கவில்லை.