நகராத சைக்கிள்

தொண்ணூறுகளில் மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் நான் கிளார்க்காக இருந்தேன். கேட்டுக் காவலுக்கு ஒரு ஜாகா இருந்தார். ஆள் ஒல்லி, தொப்பி மட்டும் பெரிது. அவருடைய காவல் கூண்டுக்குக் கரண்டு கிடையாது. வாக்கி-டாக்கியை ஆபீஸ் பிளக்கில் சார்ஜ் போடவும் மேனேஜர் விடமாட்டார். ஆனால் அது அணைந்துபோனால் வார்னிங் லெட்டர் மட்டும் வந்துவிடும். இது என்ன நியாயம்?

அந்த மனிதர் ஒரு பழைய சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினார். பின்சக்கரத்திலிருந்து பெல்ட் போட்டு ஒரு கார் டைனமோவைச் சுழலவைத்து, அதிலிருந்து சார்ஜருக்கு வயர் இழுத்தார். தொப்பியைக் கழற்றாமலே மிதிப்பார். லோரி வந்தால் இறங்கி, சல்யூட் அடித்து, கேட்டைத் திறந்துவிட்டு மறுபடியும் ஏறிக்கொள்வார்.

"உங்களுக்குக் கோபமே வராதாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வருது லா, தங்கச்சி. அதான் இவ்ளோ வேகமா மிதிக்கிறேன்."

அந்நேரம் பார்த்து வாக்கி-டாக்கியில் மேனேஜரின் குரல் வந்தது. "டியூட்டி நேரத்துல என்ன சைக்கிள் விளையாட்டு? இப்பவே கழட்டிப் போடு!"

"ஓகே பாஸ், கிளியரா கேக்குது" என்று சொல்லிவிட்டு ஜாகா இறங்கினார்.

அவர் மிதித்து ஏற்றிய கரண்டில் வந்த உத்தரவு, கிளியராகக் கேட்காமல் இருக்குமா? இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.