இல்லை என்று வைத்துக்கொண்ட கெப்பாசிட்டர்

ராமநாதபுரத்துக் கல்லூரி ஆய்வகத்தில் அன்று எனக்கு வந்த சீட்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். அரியரில் நின்றது இந்தச் செய்முறைத் தேர்வு ஒன்றுதான். இதில் தேறினால்தான் சென்னையில் கிடைத்திருந்த வேலைக்குப் போக முடியும். என்னோடு திருவாடானையிலிருந்து பஸ் ஏறி வந்த அய்யா, என் அப்பா, வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே அவர் தெரிந்துகொண்டே இருந்தார்.

சர்க்யூட்டை உள்ளது உள்ளபடி கணக்குப் போட்டால் விடிந்துவிடும். அதனால் எளிமையாக்குவோம். நடு அதிர்வெண்களில், வெளியே மாட்டிய கெப்பாசிட்டர்களை வெறும் கம்பி என்று வைத்துக்கொள்ளலாம். டிரான்சிஸ்டருக்குள்ளே இருக்கும் பொடிக் கெப்பாசிட்டர்களை இல்லை என்றே விட்டுவிடலாம். அப்படிப் போட்ட கணக்கில் கெய்ன், அதாவது சிக்னல் பெருகும் அளவு, நூறு மடங்குக்கு மேல் வந்தது. ஆஸிலாஸ்கோப் திரையிலோ நாலு மடங்குதான். நடு அதிர்வெண்களில் குமிழை எங்கே திருப்பினாலும் அதே நாலு.

பக்கத்து மேசையில் என் தோழி. அவளுக்கும் அதே சர்க்யூட். "ஏன்டி முழிக்கிற? சீனியர் ரீடிங்கப் போட்டு கிராஃப வரஞ்சிரு. எல்லாரும் அதத்தான செய்றோம்" என்றாள்.

பொய்யில்லை. எங்கள் ஆய்வகத்தில் ரீடிங்கை எடுப்பதைவிடச் சமைப்பதுதான் அதிகம். ஆனால் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொரு மேசையாகக் குமிழைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். சமைத்தால் மாட்டிக்கொள்வேன், உள்ளதை எழுதினால் தோற்றுவிடுவேன் என்று தோன்றியது.

கம்பி என்று வைத்துக்கொண்டதில் ஒன்று கம்பியாக இல்லாவிட்டால்? வெளியே மாட்டியவற்றில் எமிட்டர் கெப்பாசிட்டரை மட்டும் இல்லை என்று வைத்து சர்க்யூட்டை மறுபடி வரைந்தேன். கணக்கு நாலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அப்போதும் பயம் போகவில்லை. ஸ்டோரில் வேறொன்று கேட்டேன், இல்லை என்றார்கள். நாலிலேயே நின்ற அந்தச் சப்பைக் கோட்டையே கிராஃபாக வரைந்து வைத்தேன்.

தேர்வாளர் குமிழைத் திருப்பினார். "என்னம்மா, கெய்னே இல்லையே?"

"எமிட்டர் கெப்பாசிட்டர் வேலை செய்யல சார்." தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் அதைத் தொட்டு லேசாக இழுத்தார். உப்புக்காற்றில் அரித்துப்போயிருந்த கால் போர்டிலேயே நின்றுவிட, கெப்பாசிட்டர் மட்டும் கையோடு வந்தது. அந்தக் கெப்பாசிட்டரோடும் அது இல்லாமலும் நான் வரைந்திருந்த இரண்டு படங்களையும் பார்த்தார். "சரியாத்தான் பிடிச்சிருக்க" என்று கையெழுத்துப் போட்டார்.

பிறகு தோழியின் மேசைக்குப் போனார். அவள் கிராஃபில் சீனியர் ரீடிங்கின் வளைவு அழகாக எழும்பி இறங்கியிருந்தது. அவர் குமிழில் கை வைத்ததும் அவள் என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் அய்யா எழுந்துவிட்டார். "என்னத்தா, முடிஞ்சிருச்சா?"

"பாஸாயிருவேன்யா."

"அப்பறம் என்னத்துக்கு அழுகுற? வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"கொஞ்சம் இருங்கய்யா, அவ இன்னும் வெளிய வரல" என்றேன்.